மாத்திரை போடாத காலை

தங்கச்சி, அந்த டப்பாவை மூடிப் பைக்குள்ளேயே வைங்க. கோவிச்சுக்காதீங்க. நான் யார் விஷயத்திலும் தலையிடுகிறவள் இல்லை. திண்டுக்கல்லில் எங்க தெருவில் வந்து கேட்டுப் பாருங்க, பிலோமினா அடுத்த வீட்டு வாசலைக்கூட எட்டிப் பார்க்க மாட்டாள் என்றுதான் சொல்வாங்க. ஆனால் நீங்க அரை மணி நேரமா அந்த டப்பாவைத் திறக்கிறதும் மூடுறதுமா இருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் எடை பார்க்கப் போயிருக்கார். வந்ததும் ஒரு மாத்திரையை அவர் வாயில் போட்டுவிட்டால் உள்ளே நல்லா நடப்பார், டாக்டர் சந்தோஷப்படுவாங்க என்று நினைக்கிறீங்க. சரிதானே?

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அதைச் செய்தவள். இதே பெஞ்சு. இல்லை, அது அந்தப் பக்கம் இருந்த பெஞ்சு, பெயிண்ட் அடிக்கும்போது மாற்றிப் போட்டுட்டாங்க.

இந்த மதுரை ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கு உங்களுக்கு இது முதல் தடவை. எங்களுக்கு ஆறாவது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரணும், முந்தின நாள் சாயங்காலத்தோடு மாத்திரையை நிறுத்திட்டு வரணும், இங்கே எல்லா அளவும் எடுத்து முடிச்ச பிறகுதான் போடணும். சொல்லியிருப்பாங்களே. எங்களுக்கும் சொன்னாங்க. பதினாலு பக்கம் பேப்பர் கொடுத்தாங்க. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சவள், அதனால் கோயமுத்தூரில் இருக்கும் என் மகளுக்குப் போனில் படமெடுத்து அனுப்பினோம். அவள் ஒவ்வொரு பக்கமா வாசிச்சுச் சொன்னாள். அதில் ஒரு வரி வந்தது: இந்த ஆராய்ச்சியில் சேர்வதால் உங்களுக்கு நேரடியாகப் பயன் எதுவும் கிடைக்காமல் போகலாம்.

“அப்புறம் எதுக்குங்க போகணும்?” என்றேன்.

எங்க வீட்டுக்காரருக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. “உள்ளதைச் சொல்றாங்க பாரு” என்றார். பதினாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். முன்னெல்லாம் இன்னாசிமுத்து என்று அவர் போடும் கையெழுத்து ஒரு வரியை அடைச்சுக்கும். இப்போ எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஆனாலும் பதினாலையும் போட்டுட்டுத்தான் எழுந்தார்.

அவர் தாலுகா ஆபீசில் சர்வேயரா இருந்தவர். முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்தார். அளக்கப் போன இடத்தில் ஒரு இளநீர் வாங்கிக் குடிக்க மாட்டார், தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து போகும். என் கூடப்பிறந்த தம்பி நிலத்தை இவர்தான் அளந்தார். தம்பி கட்டின வேலி அரை அடி அடுத்தவன் இடத்தில் இருந்தது. “மாமா, அரை அடிதானே” என்றான். “அரை அடி அவனோடது” என்று சொல்லிட்டு எல்லைக் கல்லை நட்டுட்டு வந்துட்டார். ரெண்டு கிறிஸ்மஸ் என் தம்பி வீட்டுக்கு வரலை. அப்படிப்பட்ட மனுஷனுக்கு நான் பெண்டாட்டி. அதை மனசில் வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

முதல் தடவை வந்தப்போ சொன்னபடிதான் வந்தோம். மாத்திரை இல்லை. நாற்காலியிலிருந்து மூணாவது முயற்சியில்தான் எழுந்தார். விரலைத் தட்டச் சொன்னால் நாலு தட்டுக்கு அப்புறம் விரல் தூங்கிப்போச்சு. நான் இந்தக் கண்ணாடிக் கதவு வழியாப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு பேங்க் மேனேஜர் வந்திருந்தார். அவருக்கும் இதே பார்க்கின்சன்தான். ஆனால் பந்திக்குப் போகிற மாதிரி விறுவிறுன்னு நடந்தார். அவர் சம்சாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப வருஷமாவா?” என்றாங்க.

“மூணு வருஷம்.”

“அப்படியா. இவருக்கு ஆறு” என்றாங்க.

அவ்வளவுதான் சொன்னாங்க. ஆனால் சொன்ன விதம் இருக்கே. திண்டுக்கல் போய்ச் சேரும்வரைக்கும் பஸ்ஸில் எனக்கு அந்த ‘ஆறு’தான் காதில் கேட்டுக்கிட்டே வந்தது.

நான் ரெண்டு பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பினவள், தங்கச்சி. பரீட்சை அன்னைக்குத் தயிரும் சர்க்கரையும் கொடுப்பேன், கோயில் எண்ணெயை நெற்றியில் தடவுவேன். என் மகனுக்குப் பத்தாவது கணக்குப் பரீட்சை அன்னைக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்துத்தானே அனுப்பினேன்? அதை யாராவது தப்பு என்று சொல்வாங்களா? இதையும் நான் அப்படித்தான் பார்த்தேன். அடுத்த தடவைக்கு ஒரு மாசம் முன்னாலிருந்தே இங்கே வரையச் சொல்கிற சுருளைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட வச்சேன், விரல் தட்ட வச்சேன். அஞ்சு வார்த்தை சொல்லிட்டு அப்புறமா திருப்பிக் கேட்பாங்க, அதுக்கும் பழக்கினேன். போன தடவை குடை, பூசணிக்காய், ஜன்னல், வெள்ளி, தபால்காரர். ஐயோ, சொல்லிட்டேனே. மறந்துடுங்க. இந்தத் தடவை மாத்தியிருப்பாங்க. மாத்தலைன்னாலும் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லாதீங்க, தபால்காரர் மட்டும்தான் கஷ்டம்.

எங்கே விட்டேன்? ரெண்டாவது தடவை. காலையில் ஆறு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டேன். மாத்திரையை ரெண்டு கரண்டிக்கு நடுவில் வச்சு நசுக்கிக் காப்பியில் கலந்துட்டேன்.

“காப்பி கசக்குதே பிலோமி.”

“கருப்பட்டி பழசுங்க.”

குடிச்சிட்டார். அன்னைக்கு அவர் நடந்தார் பாருங்க. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துடுச்சு. ஒரே தடவையில் எழுந்தார். சுருள் போட்டார், கோலம் மாதிரி. காரைக்குடிக்காரங்க அன்னைக்கு வரலை, அது ஒண்ணுதான் குறை. ஆறு மாசம் கழிச்சு மூணாவது தடவை வந்தப்பவும் அதே காப்பி, அதே நடை.

டாக்டர் வாசவி, பார்த்திருப்பீங்க, கண்ணாடி போட்டவங்க, மெதுவாப் பேசுவாங்க, என்னை உள்ளே கூப்பிட்டாங்க. “அம்மா, ஒரு வருஷத்தில் இவர் நல்லா தேறியிருக்கார். இப்படி நாங்க பார்க்கிறது அபூர்வம். வீட்டில் ஏதாவது புதுசாச் செய்றீங்களா?” என்று கேட்டாங்க. நர்ஸ் தமயந்தி பேனாவோட தயாரா உட்கார்ந்திருந்தது.

“ஜெபம் பண்றேங்க. அப்புறம் முருங்கைக்கீரை” என்றேன்.

“வாரத்துக்கு எத்தனை தடவை?”

“ஜெபமா, கீரையாங்க?”

“ரெண்டும்.”

ரெண்டையும் தமயந்தி எழுதிக்கிச்சு. பொய் இல்லை பாருங்க. ஜெபமும் உண்டு, கீரையும் உண்டு. ஆனால் அந்தப் பொண்ணு அவ்வளவு அக்கறையா எழுதினதைப் பார்த்ததும் மனசு கேட்கலை. அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சாமியார்கிட்டே பாவசங்கீர்த்தனம் பண்ணினேன், செஞ்ச பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க.

“சாமி, என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் காப்பியில் மருந்து கலந்து கொடுத்தேன்” என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம், “அவர் இப்போ எப்படிம்மா இருக்கார்?” என்று கேட்டார். குரலே மாறிப்போச்சு.

“ரொம்ப நல்லா நடக்கிறார் சாமி.”

சாமி மூச்சு விட்டது எனக்கே கேட்டது. “என்ன மருந்து?”

“அவர் மருந்துதான் சாமி. டாக்டர் எழுதிக் கொடுத்தது.”

“அவர் மருந்தை அவருக்குக் கொடுத்ததில் என்னம்மா பாவம்?” என்றார். எனக்கும் அது நியாயமாப் பட்டது. ஆராய்ச்சி, அளவு, அதையெல்லாம் அவர் கேட்கலை, நானும் சொல்லலை. வரிசையில் எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்னாங்க. பரிகாரமா விசுவாசப் பிரமாணத்தை மூணு தடவை ஜெபிக்கச் சொன்னார். சொல்லிட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்து தோசைக்கு அரைச்சேன்.

நிம்மதி எத்தனை நாள்? ஒரு நாள் சாப்பிடும்போது இவர் சொல்கிறார், “பிலோமி, பரிசோதனை அன்னைக்கு மாத்திரையே இல்லாம நான் நல்லா நடக்குறேன். டாக்டரே சொல்லிட்டாங்க. அப்போ மத்த நாள்ல எதுக்கு அத்தனை மாத்திரை? காலை மாத்திரையை விட்டுப் பார்ப்போமா?”

“வேணாங்க.”

“ஏன்?”

“வேணாம்னா வேணாம்.”

“அது காரணம் இல்ல. ரெண்டு தடவை அளந்தாச்சு. ரெண்டும் ஒத்துப்போகுது” என்றார்.

நான் ரசத்தை ஊற்றினேன். அவர் எனக்குச் சொல்லாமலே அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கிட்டார். பார்த்தீங்களா, அவர் எனக்குத் தெரியாமல் மாத்திரையை விட்டார், நான் அவருக்குத் தெரியாமல் மாத்திரையைப் போட்டேன். நல்ல குடும்பம்.

பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் நடுப்பாதையில் வரிசையாப் போகிறோம். அவருக்கு முன்னால் நின்றவர் வாங்கிட்டு நகர்ந்துட்டார். சாமிக்கும் இவருக்கும் நடுவில் ரெண்டு எட்டு. அந்த ரெண்டு எட்டை இவரால் எடுத்து வைக்க முடியலை. கால் தரையோடு ஒட்டிக்கிச்சு. உடம்பு போகப் பார்க்குது, கால் வரலை. பின்னால் நாற்பது பேர். பாடல் குழுப் பிள்ளைங்க நன்மைப் பாட்டைப் பாடி முடிச்சுட்டு, வரிசை நகரலை என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிச்சாங்க. அதுவும் முடிஞ்சு மூணாவது தடவையும் ஆரம்பிச்சப்போ சாமியே இறங்கி வந்து கொடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடிச்சேன். பிடரியெல்லாம் வியர்வை.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து அந்த மாத்திரையை எடுத்துக் காட்டினார். “இது இல்லாம ரெண்டு தடவை நடந்தேனே பிலோமி. இன்னைக்கு என்ன ஆச்சு? இவ்வளவு சீக்கிரம் மோசமாயிட்டேனா?” என்று கேட்டார். முகத்தில் பயம். இந்த வியாதி வந்தது என்று டாக்டர் சொன்ன அன்னைக்குக்கூட அந்த முகத்தை நான் பார்க்கலை.

அதைப் பார்த்த பிறகு எப்படிங்க மறைக்கிறது? சொல்லிட்டேன். காப்பி, கரண்டி, எல்லாத்தையும்.

கத்துவார் என்று நினைச்சேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். “எந்தெந்தத் தேதி?”

சொன்னேன். எழுதி வச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் மூணு நாள் என்கிட்டே பேச்சில்லை. என் கையால் காப்பியும் வாங்கிக் குடிக்கலை. தானே அடுப்பைப் பற்றவச்சு, தானே போட்டு, பாதியை அடுப்பில் சிந்தி, மிச்சத்தைக் குடிப்பார். நான் அடுப்பைத் துடைப்பேன். அந்த மூணு நாள் நான் பண்ணின ஜெபம் வேற எப்பவும் பண்ணினது இல்லை.

நாலாவது நாள், “கிளம்பு, மதுரைக்குப் போவோம்” என்றார். பஸ்ஸில் வச்சுத்தான் கவரைக் காட்டினார். கடிதம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கார், அந்த எறும்பு எழுத்தில். பொருள் என்று போட்டு, பார்வை என்று போட்டு, ஆபீசில் எழுதுகிற மாதிரியே. எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. ‘மேற்கண்ட இரு தேதிகளிலும் எடுக்கப்பட்ட அளவுகள் என் மனைவி பிலோமினாவின் தலையீட்டால் பிழையானவை. இது எனக்குத் தெரியாது. எனினும் காப்பி கசந்ததைக் கவனித்தும் விசாரணை செய்யாமல் விட்டது என் தவறு.’

“என் பேரைப் போடாம இருந்திருக்கலாமே” என்றேன்.

“உன் பேரைத் தவிர வேற யார் பேரைப் போட?” என்றார். கிளம்பு என்றதைத் தவிர, மூணு நாளுக்கு அப்புறம் அதுதான் என்கிட்டே பேசின முதல் பேச்சு. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

டாக்டர் வாசவி கடிதத்தை ரெண்டு தடவை வாசிச்சாங்க. தமயந்திதான் முதலில் வாய் திறந்தது. “அப்போ அந்த முருங்கைக்கீரை?”

“அது நிஜமாவே வாரம் ரெண்டு தடவைம்மா” என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டலை. திட்டியிருந்தால் தேவலை. மெதுவா விளக்கினாங்க. இந்த வியாதி ஒருத்தருக்கு வேகமாப் போகுது, ஒருத்தருக்கு நிதானமாப் போகுது, ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலை. அதுக்குத்தான் ஒரே ஆளை வருஷக்கணக்கில் அளக்கிறாங்க. நாளைக்கு ஒரு புது மருந்து வரும். அது வேலை செய்யுதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பாங்க? மருந்து இல்லாமல் இது எப்படிப் போகும் என்று தெரிஞ்சால்தானே? “இவர் தானாவே நல்லாயிட்டார்னு இந்த நோட்டு சொல்லுச்சுன்னா, பத்து வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் நல்ல மருந்தைப் பார்த்து, இது ஒண்ணும் பெரிசா செய்யலையே, சும்மாவே நல்லாயிடுறாங்களேன்னு தூக்கிப் போட்டுடலாம்மா” என்றாங்க.

தங்கச்சி, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு ரெண்டு மார்க் கூடுதலா வாங்கிக் கொடுக்கிறோம் என்று நினைச்சேன். யாரோ ஊர் பேர் தெரியாதவங்க மருந்தைக் கீழே தட்டிவிட்டிருக்கேன்.

இவர் எழுந்து நின்னார். நாலாவது முயற்சியில். “டாக்டர், என்னை நீக்கிடுவீங்களா?” என்றார்.

“குழுவில் வச்சுத்தான் முடிவு பண்ணணும் சார். சொல்லி அனுப்புறேன்.”

அஞ்சு வாரம். அந்த அஞ்சு வாரம் எங்க வீட்டில் போன் அடிச்சால் அவர்தான் எடுக்கணும். எழுந்து போவதற்குள் நின்னுடும், அப்பவும் நான் எடுக்கக் கூடாது. இது எதுக்கு அவருக்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்பீங்க. கல்யாண வீட்டுக்குப் போனால் அவர் பக்கத்தில் நிற்கும்போதே என்னைப் பார்த்துக் கேட்பாங்க: சாருக்குச் சாப்பாடு இறங்குதா? சார் தூங்குறாரா? சாருக்கு இலை போடலாமா? சார் அங்கேயேதான் நிற்கிறார், தங்கச்சி. என் தம்பிகூட அப்படித்தான். இங்கே ஒரு இடத்தில்தான் அவரையே கேட்கிறாங்க. அவர் சொல்றதை எழுதிக்கிறாங்க. ரிட்டயர் ஆன பிறகு கிடைச்ச டியூட்டி என்பார். இங்கே வருகிற அன்னைக்கு மட்டும் சட்டைப்பையில் பேனா குத்துவார். அந்தப் பேனாவை நான்தான் பிடுங்கப் பார்த்திருக்கேன்.

ஒரு நாள் அவர்கிட்டயே கேட்டேன். “நீக்கிட்டாதான் என்னங்க? நமக்கு ஒண்ணும் கிடைக்கப்போறதில்லைன்னு அந்தப் பேப்பர்லயே போட்டிருக்கே?”

“நான் எங்கே போய் அளந்தாலும் முதல்ல என்ன தேடுவேன்?”

“கல்லு.”

“நூறு வருஷத்துக்கு முன்னால யாரோ ஒருத்தன் வெயில்ல நின்னு நட்ட கல்லு. அவன் பேர் எனக்குத் தெரியாது. அவனுக்கும் அந்த நிலத்துல ஒரு சென்ட்கூட கிடையாது. அவன் சரியா நட்டதால நான் முப்பத்திரண்டு வருஷம் பிழைச்சேன்.” அப்புறம், “ரெண்டு கல்லை நீ பிடுங்கி நட்டுட்ட” என்றார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அன்னைக்குத்தான் மறுபடி என் காப்பியைக் குடிச்சார்.

அப்புறம் டாக்டரே போன் பண்ணினாங்க. இருக்கலாம். அந்த ரெண்டு தடவைக்கும் பக்கத்தில் குறிப்புப் போட்டுட்டாங்க, மாத்திரையோட எடுத்த அளவு என்று. பயப்படாமல் வந்து சொன்னதால்தான் திருத்த முடிஞ்சது, சொல்லாமல் விடுகிறவங்கதான் ஆபத்து என்றாங்க. ஒரே ஒரு நிபந்தனை. வருகிற அன்னைக்குக் காலையில் ஆறு மணிக்குத் தமயந்தி வீடியோவில் கூப்பிடும். மாத்திரை அட்டையைக் காட்டணும், காப்பியைக் காட்டணும். இன்னைக்குக் காலையில்கூட, “அம்மா, டம்ளரைக் கொஞ்சம் சாய்ச்சுக் காட்டுங்க” என்றது. என்ன பொண்ணோ. ஆனால் நல்ல பொண்ணு, போன தடவை அதுக்கு முறுக்கு கொண்டுவந்தேன், வாங்க மாட்டேன் என்றது. டாக்டர் பார்க்காதப்போ பையில் வச்சுட்டு வந்துட்டேன்.

அதனால் சொல்றேன், உங்க வீட்டுக்காரர் தடுமாறினால் தடுமாறட்டும். யாரும் சிரிக்க மாட்டாங்க. நீங்க இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறதுதான் கஷ்டம். உள்ளே போகிறதைவிட அது கஷ்டம். கையை மடியில் கோத்து வச்சுக்கோங்க, நான் அப்படித்தான் செய்றேன்.

இதோ, எழுந்து வந்து பாருங்க. நீலச் சட்டை, அவர்தான். நடை அளக்கப் போறாங்க. அந்த மஞ்சள் கோட்டிலிருந்து இந்தக் கோடு வரைக்கும் வந்து திரும்பிப் போகணும். கொஞ்சம் பேசாமல் இருங்க தங்கச்சி, நான் எண்ணணும்.

...

ஆச்சு. பார்த்தீங்களா, திரும்புகிற இடத்தில் நின்னுட்டார். போன தடவை அங்கே நிற்கலை. யாரும் கை கொடுக்கலை, தானே காலைப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டார். இப்போ பாருங்க, கண்ணாடி வழியா எனக்கு விரலைக் காட்டுகிறார். முதலில் மூணு, அப்புறம் நாலு. முப்பத்திநாலு நொடி. போன தடவை இருபத்தொன்பது. அஞ்சு கூடியிருக்கு, மனுஷன் முகத்தைப் பாருங்க, ஒரு பெரிய நிலத்தைப் பிசகில்லாமல் அளந்து மூடின மாதிரி.

நான் எப்படி எண்ணினேன் என்றா கேட்கிறீங்க? எனக்கு அந்தக் கடிகாரமெல்லாம் ஒத்துவராது. நான் மாதாவை நினைச்சு மங்கள வார்த்தை ஜெபம் சொல்வேன். அவர் ஒரு எட்டு வைக்கும்போது நான் ஒரு வார்த்தை. முதல் தடவை வந்தப்போ போய்த் திரும்பி வர சரியா ரெண்டு ஜெபம். இன்னைக்கும் ரெண்டுதான். திரும்புகிற இடத்தில் அவர் நின்னாரே, அப்போ நானும் ‘இப்பொழுதும்’ என்கிற இடத்தில் நின்னுட்டேன். அவர் காலை எடுத்து வச்ச பிறகுதான் ‘எங்கள் மரண நேரத்திலும்’ என்கிற மிச்சத்தைச் சொன்னேன். ரெண்டே ரெண்டு. இந்த ரெண்டரை வருஷத்தில் ஒரு வார்த்தைகூடக் கூடலை.

இதையும் ஓரமா எழுதிக்கச் சொல்லித் தமயந்திகிட்டே கேட்கலாமா என்று பார்க்கிறேன்.